கொஞ்சமாகக் குடித்தால் நல்லதா?

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சட்டம் போட்டு மதுவை நிறுத்திப் பார்க்க அவர் முதலில் எடுத்துக்கொண்டது தன் சொந்த மாவட்டத்தை. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்குச் சேலத்துக்குள் அடக்கம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில், சுவேத நதிக்கரையில் இருக்கும் தம்மம்பட்டியும் அந்த முதல் சோதனைக்குள் வந்த ஊர்தான்.

அந்தச் சோதனைக்குப் பின்னால் இருந்த வாதம் உடல்நல வாதம் அல்ல. 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியது முதல், 1929இல் கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தியது வரை, ராஜாஜி பேசியது கூலியைப் பற்றி. சாயங்காலம் கைக்கு வரும் காசு வீட்டுக்குப் போகிறதா, கடைக்குப் போகிறதா என்பதே அவர் கேள்வி. கள் வருமானம் போனதால் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939இல் அவருடைய அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. ‘தினம் கொஞ்சம் குடித்தால் நெஞ்சுக்கு நல்லதாமே’ என்று அப்போது யாரும் அவரிடம் வாதாடியிருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சு இங்கே வந்து சேர்ந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து.

ஆனாலும் சட்டங்கள் எப்போதும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. மதுவிலக்கை நோக்கி அரசு நடக்க வேண்டும் என்று சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மருத்துவத் தேவைக்கு விலக்கு கொடுக்கிறது. மதுவிலக்கு அமலில் இருக்கும் குஜராத்தில் உடல்நலக் காரணம் காட்டி இன்றும் பெர்மிட் வாங்கலாம். சட்டம் எழுதியவர்கள் மனதிலும் மதுவுக்கு மருந்து என்றொரு முகம் இருந்திருக்கிறது. ஊரில் கேட்டாலும் அந்த முகம் தெரியும். சளி பிடித்தால் இரண்டு மூடி பிராந்தி, உடம்பு சூட்டுக்கும் கல்லடைப்புக்கும் பீர், வேலை முடிந்த மேல் வலிக்கு ஒரு கட்டிங், தூக்கம் வராதவருக்கு இன்னொன்று. இவற்றோடு கடந்த முப்பது வருடமாகப் படித்தவர்கள் சேர்த்துக்கொண்டது, ‘டாக்டரே சொல்லியிருக்கார், அளவா சாப்பிட்டா ஹார்ட்டுக்கு நல்லது’ என்பது. இந்தக் கடைசி வாதத்துக்குத்தான் அறிவியல் வரலாறு ஒன்று இருக்கிறது. அதை முழுதாகப் பார்த்துவிட்டு நம் ஊருக்கு வருவோம்.

1926இல், அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தபோது, ரேமண்ட் பேர்ல் என்ற உயிரியல் அறிஞர் பால்டிமோர் நகரத்து உழைக்கும் குடும்பங்களின் ஆயுளைக் கணக்கிட்டு ஒரு நூல் எழுதினார். நிறையக் குடித்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் மிதமாகக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிடச் சற்று அதிகம் வாழ்ந்ததாக அவருடைய கணக்கு காட்டியது. வரைபடமாகப் போட்டால் கோடு முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறும். ஆங்கில ஜே எழுத்தைப் போல இருப்பதால் பின்னாளில் அதற்கு ஜே வளைகோடு என்றே பெயர் வந்தது. 1974இல் கலிபோர்னியாவில் ஆர்தர் கிளாட்ஸ்கி என்ற இதய மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் நோயாளிகளை ஆராய்ந்தபோது, மாரடைப்பு வந்தவர்களில் மது தொடாதவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் அவ்வளவு கொழுப்பு தின்றும் இதய நோய் குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று சொல்லிவிட, அமெரிக்காவில் அந்த ஒயின் விற்பனை தாவி ஏறியது. நம்மூர் செய்தித்தாள்களின் மருத்துவப் பக்கங்களுக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

இதற்கு உடலியல் விளக்கமும் கிடைத்தது. ஆல்கஹால், நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல். அளவைக் கூட்டுகிறது. ரத்தம் உறையும் தன்மையைச் சற்றுக் குறைக்கிறது. இரண்டுமே பொய் அல்ல. அதனால்தான் நல்ல மருத்துவர்கள் பலரும் நல்லெண்ணத்தோடு இதை நம்பினார்கள்.

நம்பிக்கையில் முதல் விரிசல் 1988இல் விழுந்தது. பிரிட்டனில் 24 ஊர்களைச் சேர்ந்த 7,735 நடுவயது ஆண்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வில், ஜெரால்டு ஷேப்பர் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். இன்று ‘குடிப்பதில்லை’ என்று சொல்கிறவர் யார்? அவர்களில் நிறையப் பேர் முன்பு குடித்து, உடம்பு கெட்டதால் நிறுத்தியவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈரல் கோளாறு என்று மாத்திரை தின்கிறவர்கள். அந்த நோயாளிகளைக் ‘குடிக்காதவர்’ பட்டியலில் சேர்த்துவிட்டு, பக்கத்தில் நல்ல தெம்போடு அளவாகக் குடிக்கிறவரை நிறுத்தினால் எவர் ஆரோக்கியமாகத் தெரிவார்? தம்மம்பட்டியில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு யோசித்தாலே இது புரியும். அறுபது வயதில் குடியை விட்ட பெரியவர்களில் எத்தனை பேர் மஞ்சள் காமாலைக்கோ மாரடைப்புக்கோ பயந்து விட்டவர்கள்?

இரண்டாவது விரிசல் வசதி சார்ந்தது. மேலை நாடுகளில் அளவாகக் குடிக்கிறவர் பெரும்பாலும் படித்தவர், வருமானம் உள்ளவர், நடைப்பயிற்சி போகிறவர், காய்கறி தின்கிறவர், ஒழுங்காகப் பல் மருத்துவரிடம் போகிறவர். அவருடைய ஆயுளைக் கூட்டியது கோப்பையா, இந்த மற்றதெல்லாமா? 2022இல் பிரிட்டனின் பயோபேங்க் தரவுகளில் 3,71,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தவர்கள், வாழ்க்கை முறை வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது மிதக்குடியின் நன்மையாகத் தெரிந்ததில் பெரும்பகுதி தேய்ந்துபோனதைக் கண்டார்கள். 2023இல் டிம் ஸ்டாக்வெல் முதலியோர் 107 ஆய்வுகளை, மொத்தம் 48 லட்சம் பேரின் விவரங்களை ஒன்றாகத் திரட்டினார்கள். முன்பு குடித்து நிறுத்தியவர்களைப் பிரித்துவிட்டு, ஆய்வுகளின் தரத்தையும் கணக்கில் கொண்டபோது, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழே குடித்தவர்களின் இறப்பு விகிதம், வாழ்நாளில் குடிக்காதவர்களின் விகிதத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலுவாகத் தோன்றுகிறது. கிழக்காசியாவில் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் உண்டு. அவர்களால் ஆல்கஹாலைச் சரியாகச் செரித்து முடிக்க முடியாது. ஒரு மடக்கு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதனால் இயல்பாகவே குறைவாகக் குடிப்பார்கள். இந்த மரபணு ஏழைக்கு வரும், பணக்காரருக்கு வராது என்றில்லை. பிறக்கும்போதே குலுக்கல் முறையில் மக்களைக் குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் என்று இயற்கையே பிரித்துவைத்த மாதிரி. சீனாவில் 5 லட்சம் பேரைப் பத்தாண்டுகளாகத் தொடர்ந்த ஆய்வில், 1,60,000 பேரின் மரபணுவை இப்படிப் பரிசோதித்து 2019இல் வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் கணக்கிட்டபோது மிதக்குடி பக்கவாதத்தைக் குறைப்பது போலவே தெரிந்தது. மரபணு வழியில் கணக்கிட்டபோது அந்த இறக்கம் மறைந்துவிட்டது. குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் நேராகக் கூடின. மாரடைப்பைப் பொறுத்தவரை பாதுகாப்பும் தெரியவில்லை, பெரிய தீங்கும் தெரியவில்லை.

அப்படியானால் வழக்கு முடிந்துவிட்டதா என்றால், நேர்மையாக, முழுதாக இல்லை. 2018இல் 195 நாடுகளின் தரவை வைத்துப் பாதுகாப்பான அளவு பூஜ்யம்தான் என்று சொன்ன அதே உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வுக் குழு, 2022இல் வயதையும் இடத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சற்று மாற்றிச் சொன்னது. 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம், அதற்கு மேலே வேறு நோய் இல்லாதவர்களுக்கு இதயம், பக்கவாதம், சர்க்கரை ஆகியவற்றில் சிறிய அளவு கொஞ்சம் உதவலாம் என்றது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கையும் மிதக்குடிக்காரர்களின் மொத்த இறப்பு குறைவாக இருப்பதாகச் சொல்லி, அதே மூச்சில் பெண்களுக்கு மார்பகப் புற்று கூடுவதையும் சொன்னது. அடுத்த மாதமே அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி, மது பாட்டில்களில் புற்றுநோய் எச்சரிக்கை வேண்டும் என்று கேட்டார். இதற்கெல்லாம் முன்பே, இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு நேரடிப் பரிசோதனை தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு ஒரு பானம், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை என்பது திட்டம். அதற்கான பணத்தில் பெரும்பங்கு மது நிறுவனங்களிடமிருந்து வந்ததும், ஆராய்ச்சியாளர்கள் முன்கூட்டியே அவர்களோடு பேசிவைத்ததும் வெளிவந்து, 2018 ஜூனில் அமெரிக்க அரசே அதை நிறுத்தியது. மதுவை விற்கிறவர் காசில் மது நல்லதா என்று கேட்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இனி நம் பக்கம். இந்தச் சண்டை எல்லாம் யாருடைய உடம்பை வைத்து நடந்தது என்று பாருங்கள். 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், உலகளவில் மது ஒரு பாதுகாப்புக் காரணிபோலத் தெரிந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளைத் தனியாகப் பிரித்து 2007இல் வெளியிட்டபோது, தெற்காசியர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தெரியவில்லை. இந்தியத் தொழிற்சாலை ஊழியர்களிடையே நடத்தி 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், குடிக்கும் இந்திய ஆண்களுக்கு இதய நோய் கூடுதலாகவே இருந்தது. 12 நாடுகளை ஆராய்ந்து 2015இல் வந்த பியூர் ஆய்விலும், இறப்பு, இதய நோய், புற்றுநோய் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தக் கணக்கில் நன்மை தெரிந்தது வருமானம் கூடிய நாடுகளில்தான். அதாவது, கதைக்கு ஆதாரமாக இருந்த வளைகோட்டின் அந்தச் சின்ன இறக்கம் நம் நாட்டுக் கணக்கில் முதலிலிருந்தே இல்லை. நம் டாக்டர்கள் படித்துச் சொன்னது வேறு ஊர்க்காரர்களின் கோட்டை.

ஏன் இல்லை? எதைக் குடிக்கிறோம், எப்படிக் குடிக்கிறோம் என்பதில் பெரும்பகுதி பதில் இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுகளின் மிதக்குடி என்பது சாப்பாட்டோடு ஒரு கோப்பை ஒயின். அதில் இருப்பது பத்துப் பன்னிரண்டு கிராம் ஆல்கஹால். நம்மூரில் அலகே வேறு. டாஸ்மாக்கில் வாங்கும் குவார்ட்டர் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம். அதைப் பாதியாகப் பிரித்த கட்டிங் 30 கிராம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் 41 கிராம். இந்தியாவில் ஒரு நிலையான பானம் என்பது பத்து கிராம். ஆக, ‘நான் ஒரே ஒரு கட்டிங்தான்’ என்று சொல்கிறவர் மூன்று பானம் குடித்திருக்கிறார். ஒரு குவார்ட்டர் ஆறு பானம்.

2018இல் 19 நாடுகளைச் சேர்ந்த, குடிப்பழக்கம் உள்ள கிட்டத்தட்ட 6 லட்சம் பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வாரத்துக்கு 100 கிராமுக்கு மேலே போகப்போக ஆயுள் குறையத் தொடங்குவதைக் கண்டார்கள். நம் கணக்கில் அது வாரத்துக்கு ஒன்றரைக் குவார்ட்டர் சொச்சம். தினம் ஒரு கட்டிங் போடுகிறவர் வாரத்துக்கு 210 கிராம். அந்த எல்லையைப்போல இரண்டு மடங்கு. அவரைத்தான் ஊர் ‘அளவா குடிக்கிற மனுஷன்’ என்கிறது. கனடாவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் குறைந்த ஆபத்து என்று சொல்வது வாரத்துக்கே ஒன்றிரண்டு பானம். அதை நம் அளவில் சொன்னால் வாரம் முழுவதற்கும் ஒரு கட்டிங்குக்கும் குறைவு. அந்த அளவை ஊற்றிக் கொடுக்க எந்த பாரிலும் டம்ளர் இல்லை. மிதக்குடி என்ற பொருளே நம் சந்தையில் விற்கப்படுவதில்லை என்பது என் முடிவு.

குடிக்கும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை விட்டு வந்ததும், மத்தியானம் தின்றது செரித்துப்போன வயிற்றில், நின்ற நிலையில் சில நிமிடங்களில் உள்ளே போகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண் 90 மில்லியை அப்படிக் குடித்தால், ரத்தத்தில் 100 மில்லிக்கு 70 மில்லிகிராமை ஒட்டி ஆல்கஹால் ஏறும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. ஆக ஒரு கட்டிங்கோடு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கெங்கவல்லி ரோட்டில் போகிறவர் சட்டத்தின் எல்லையைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டார். ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஏழு கிராம்தான் எரிக்கும். ராத்திரி பத்து மணிக்கு முடித்த குவார்ட்டரின் மிச்சம் காலை ஆறு மணிக்கும் உடம்பில் இருக்கும். தம்மம்பட்டிக்கு வெளியே பெயர் வாங்கிக் கொடுத்தது வாகை மரத்தில் சிற்பம் செதுக்கும் தச்சர்களின் கை. அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உளிமுனையும் கொட்டாப்புளியும் பிடித்து சாமி முகத்தில் கண் திறக்கிற கைக்கு, முந்தின ராத்திரியின் மிச்சம் என்ன செய்யும் என்று அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆல்கஹால் ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறுகிறது. அது செல்லின் மரபுப்பொருளை நேரடியாகச் சிதைக்கக்கூடிய நஞ்சு. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமிகளும் அதை உண்டாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே மதுவை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்துவிட்டது. புகையிலைக்கும் அதே வரிசைதான். 2020ஆம் ஆண்டில் உலகில் புதிதாக வந்த புற்றுநோய்களில் ஏழு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேலானவை மதுவால் வந்தவை என்று கணக்கிட்டார்கள். இதய விஷயத்தில் வளைகோடு பற்றி வாதாடுகிற அறிஞர்கள்கூடப் புற்றுநோயில் வாதாடுவதில்லை. அங்கே கோடு முதல் துளியிலிருந்தே மேல்நோக்கித்தான் போகிறது.

நம் பக்கத்தில் இது வாயிலிருந்து தொடங்குகிறது. வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ் என்று எதையாவது கன்னத்தில் அடக்கிக்கொண்டே குடிக்கிறவர்கள் அதிகம். ஆல்கஹால் வாயின் உள்தோலை இளக்குவதால் புகையிலையின் நஞ்சு எளிதாக உள்ளே இறங்குகிறது. கன்ன உட்சவ்வுப் புற்றைப் பற்றி டாடா நினைவு மையத்து ஆராய்ச்சியாளர்கள் இந்திய மருத்துவமனைகளில் செய்த ஆய்வில், நாளொன்றுக்கு ஒன்பது கிராம் அளவு குடிப்பவருக்கே ஆபத்து ஏறக்குறைய பாதி மடங்கு கூடியிருந்தது. உள்ளூரில் காய்ச்சியதைக் குடித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒன்பது கிராம் என்பது கட்டிங்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

சர்க்கரை நோயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2023ஆம் ஆண்டு கணக்கின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை தின்கிறவரோ இன்சுலின் போடுகிறவரோ சாப்பிடாமல் ஒரு கட்டிங் போட்டால், மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். அப்படி இறங்கும்போது ஈரல் தன் பங்குக்குச் சர்க்கரையைச் செய்து விட வேண்டும். மதுவை எரிப்பதில் முனைந்திருக்கும் ஈரலால் அதைச் செய்ய முடியாது. சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, தள்ளாட்டம், உளறல், மயக்கம். பார்க்கிறவர்களுக்கு அது போதை மாதிரியே இருக்கும். ‘ஏறிடுச்சு, தெளிஞ்சதும் எந்திரிப்பான்’ என்று திண்ணையில் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் எழாமலே போகலாம். மாத்திரை தின்கிறவர் குடித்துவிட்டு விழுந்துகிடந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்ய வேண்டும். இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வாசிக்கிறவர்கள் வீட்டில் சொல்லிவையுங்கள்.

ரத்த அழுத்தத்தில் கணக்கு நேரானது. 2023இல் ஏழு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினம் 12 கிராம் குடிப்பவருக்கே மேல் அழுத்தம் ஒரு புள்ளிக்கு மேல் கூடியது. 48 கிராமுக்கு ஐந்து புள்ளியை ஒட்டியது. தூக்கத்துக்காகக் குடிக்கிறவருக்கு முன்ராத்திரி அசந்து தூக்கம் வரும், பின்ராத்திரி கெடும். சளிக்கு பிராந்தி தரும் கதகதப்பு தோலுக்கு மட்டும்தான். உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். கல்லடைப்புக்கு பீர் என்றால் அதில் வேலை செய்வது தண்ணீர். அதைக் குடத்திலிருந்தே குடிக்கலாம்.

இங்கே கள் இயக்கத்தாரின் வாதத்தையும் கேட்க வேண்டும். கள் இறக்குவது 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கள் போதை அல்ல, உணவு என்று நம் கொங்குப் பகுதி விவசாயிகள் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள். கேரளத்தில் இறக்கலாம், இங்கே இறக்கினால் வழக்கா, அரசு விற்கும் பிராந்திக்கு மட்டும் சட்டம் துணையா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பொருளாதார நியாயமும் இருக்கிறது, மானத்தின் நியாயமும் இருக்கிறது. ஆனால் உடல்நலக் கணக்கில் கள்ளில் இருப்பதும் அதே ஆல்கஹால்தான். ஐந்து சதவீதம் என்று வைத்தால் ஒரு லிட்டரில் 40 கிராம். ஈஸ்டில் இருக்கும் வைட்டமின் கொஞ்சம் சேரும். அதற்காக அசிட்டால்டிஹைடு விட்டுக்கொடுக்காது. குவார்ட்டரைவிட மெல்லக் குடிக்கும் பானம் என்பதால் தீங்கு குறையலாம் என்று வாதாடினால் அதை ஒப்புக்கொள்வேன். மருந்து என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மதுவை மருந்தாகவே கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மெத்தனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கொல்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியை வேறு பொருளால் அடைத்துவைத்தால் மெத்தனால் மாறாமல் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும். ஃபோமெபிசோல் என்ற மருந்து அதற்கு இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் அளந்து ஏற்றப்படும் எத்தனால் அந்த வேலையைச் செய்யும், மருத்துவமனைக்குள், ரத்த அளவைச் சோதித்துக்கொண்டே, டயாலிசிஸோடு சேர்த்து. நான் தேடிப் பார்த்தவரை, மதுவுக்கு மருந்து என்ற பெயர் ஐயமில்லாமல் பொருந்துவது இப்படி நஞ்சை முறிக்கும் சிகிச்சையில்தான்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டு ஆண்களில் நான்கில் ஒருவர் குடிப்பதாகச் சொன்னார். பெண்களில் ஆயிரத்துக்கு மூவர். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், குடிக்கும் இந்தியர்களில் மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் சிக்கல் இருந்தது. இது முக்கியமான எண். ‘அளவோடு குடியுங்கள்’ என்று நூறு பேருக்கு அறிவுரை சொன்னால் முப்பது பேருக்கு மேல் அந்த அளவில் நிற்பதில்லை என்று அர்த்தம். வேறு எந்த மருந்தையும் இந்தக் கணக்கோடு எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

அரசின் நிலையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். 1971 ஆகஸ்டு 30இல் மதுவிலக்குத் தளர்ந்தது, இடையில் வந்து போனது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24இல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? 2024 பிப்ரவரியில் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. தினம் ஒன்று என்றால் மாதம் 4,200. தம்மம்பட்டிச் சந்தையில் அது ஒரு வீட்டுக்கு மாதம் முழுவதற்குமான முட்டை, பால், பருப்பு, கீரை. குடிக்காத அந்த வீட்டுப் பெண்ணின் ரத்தசோகையும் பிள்ளையின் வளர்ச்சியும் எந்த ஜே வளைகோட்டிலும் புள்ளியாக வருவதில்லை. மதுவின் உடல்நல விளைவு என்று ஆராய்கிறவர்கள் குடிக்கிறவரின் ரத்தத்தை மட்டும் அளக்கிறார்கள். 1937இல் ராஜாஜி பார்த்த கூலிக் கணக்கு உடல்நலக் கணக்குதான் என்று எனக்கு இப்போது படுகிறது.

சட்டத்தால் மூடுவது தீர்வா என்பது வேறு வாதம். கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிய கள்ளச்சாராய ஊறல் பானைகள் அந்த வாதத்துக்குள் இருக்கின்றன. இங்கே என் அக்கறை சிறியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சீட்டு எழுதும்போது ‘குடிப்பீங்களா’ என்று கேட்டால், ‘எப்பவாச்சும், கொஞ்சமா’ என்ற பதில்தான் வரும். ‘வாரத்துல எத்தனை கட்டிங்ணே, சாப்பிட்டுட்டா சாப்பிடாமலா’ என்று கேட்டால் கிராம் தெரியும். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தரும் பத்துக் கேள்விப் பட்டியலைக் குவார்ட்டர் கணக்கில் மாற்றி எழுத ஒரு மாலைப்பொழுது போதும். குடிக்காதவரை இதயத்துக்காகக் குடிக்கச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. குடிக்கிறவருக்கு ஒவ்வொரு கட்டிங் குறைவதும் லாபம். முற்றாக விட நினைப்பவரில், தினம் குவார்ட்டருக்கு மேல் பல வருடமாகக் குடித்தவர் மட்டும் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் தயமின் ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.